பூனைக்கு வைத்த இட்லித் தட்டு

 

உணவின் அதபுகளை நாம் இருபது ஆண்டுகளாக மதரஸாப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்க வேண்டும். வலக்கையால் உண்ண வேண்டும். தமக்கு அருகில் இருப்பதை எடுத்து உண்ண வேண்டும். வயிற்றை முழுவதும் நிரப்பிவிடக் கூடாது. இவற்றை வரிசையாகச் சொல்லிக் கொடுத்து, வரிசையாக ஒப்புவிக்கவும் செய்வோம். ஆயினும், ஓர் உயிர் ஏன் அவசரப்பட்டு உண்கிறது என்னும் கேள்வி ஒருநாளும் எம் உள்ளத்தில் எழுந்ததில்லை. அக்கேள்வியை எம் முன் கொண்டுவந்து வைத்தது ஒரு பூனை.

எமது மதரஸா காயல்பட்டினத்தில் கடற்கரைக்குச் செல்லும் தெருவொன்றில் உள்ளது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் இம்மாவட்டத்தில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்தது. குளங்கள் உடைந்தன. சாலைகள் அறுந்தன. மனிதர்களுக்கே உணவுப் பொட்டலங்கள் ஹெலிகாப்டரில் வந்து விழுந்த நாட்கள் அவை. தெருவில் திரியும் பூனைகளை எண்ணிப் பார்க்க எவருக்கு நேரம் இருந்தது?

வெள்ளம் வடிந்து இரண்டு வாரங்கள் கழித்து, சாம்பல் நிறப் பெண் பூனையொன்று எம் மதரஸாவின் கொல்லைப்புறத்திற்கு வந்து சேர்ந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அங்கே ஏற்கெனவே மூன்று பூனைகள் இருந்தன. நண்பகல் உணவு முடிந்ததும், பிள்ளைகள் உண்டது போக எஞ்சிய சோற்றையும் சாளை மீன் தலைகளையும் ஒரு பழைய சஹனில் குவித்து வைப்பது எமது வழக்கம். நாளுக்கு ஒரு வேளை. நான்கு பூனைகளுக்கு ஒரே தட்டு. நாம் அதனைத் தர்மம் என்றே எண்ணியிருந்தோம்.

புதிதாக வந்த பூனை உண்ட விதம் பார்ப்பதற்குக் கலக்கமாக இருந்தது. தலையைத் தட்டில் புதைத்தால் நிமிர்வதில்லை. மெல்லுவதும் இல்லை. உறுமிக்கொண்டே விழுங்கும். மற்றப் பூனைகள் அரை வயிறு உண்பதற்குள் அது முடித்துவிட்டு, வகுப்பறைக்குள் ஓடிவரும். பத்து நிமிடம் ஆகாது. உண்டது அத்தனையும் உண்ட வடிவிலேயே கோரைப்பாயின் மீது வந்து விழும். சோற்றுப் பருக்கைகளைக்கூடத் தனித்தனியாகக் காணலாம். சில நேரங்களில் அதனையே மீண்டும் உண்ணத் தொடங்கும். பிள்ளைகள் அருவருத்து எழுந்து ஓடுவார்கள்.

இங்கே ஒரு மஸ்அலாவைச் சொல்லிவிட வேண்டும். இதனைப் பற்றி வீடுகளிலிருந்தும் பலர் எம்மிடம் கேட்பதுண்டு. பூனை நஜிஸ் அன்று. அதன் எச்சிலும் நஜிஸ் அன்று. அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு ஒளு செய்ய அவர்களுடைய மருமகள் கப்ஷா தண்ணீர் எடுத்து வைத்தபோது, ஒரு பூனை அதைக் குடிக்க வந்தது. அவர்கள் பாத்திரத்தை அதற்காகச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியந்து நோக்கியதைக் கண்டு, பூனை அசுத்தமானது அன்று என்றும், அது நம்மைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும் உயிர் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் உள்ளது. ஆனால் வாந்தியின் சட்டம் வேறு. எம் ஷாஃபிஈ மத்ஹபின்படி, வயிற்றுக்குள் சென்று திரும்பி வந்த உணவு நஜிஸே ஆகும். எனவே முதலில் அப்பொருளை அகற்றிவிட்டு, பிறகு நிறமும் வாடையும் நீங்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பாயைச் சுத்தம் செய்தால் போதும். பூனையை வெறுக்க வேண்டியதில்லை.

மஸ்அலா எளியதுதான். நாள்தோறும் பாய் கழுவுவதுதான் எளிதாக இல்லை. ஒரு வாரம் பொறுத்தோம். எட்டாம் நாள் எம் பொறுமை தீர்ந்தது. அதனைச் சாக்கில் கட்டித் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன் இறங்கும் கரையில் விட்டுவிடலாம், அங்கே மீனுக்கா பஞ்சம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நாமும் இசைந்தோம். நம் கரையோர ஊர்களில் பலர் இதனைச் செய்கிறார்கள்; செய்துவிட்டுப் பூனைக்கு நன்மை செய்ததாகவும் எண்ணிக்கொள்கிறார்கள். பழகாத இடத்தில், அங்கே முன்பே குடியிருக்கும் பூனைகளிடையே, இளைத்துப்போன ஒரு பூனைக்கு யார் பங்கு கொடுப்பார்கள்?

சாக்கை எடுத்துவிட்டோம். அதன் வாயைக் கட்டக் கயிறு தேடினோம். அப்போதுதான் அந்த வாரம் நாமே பிள்ளைகளுக்கு நடத்திய பாடம் நினைவில் வந்து நின்றது. ஒரு பெண் பூனையொன்றை அடைத்து வைத்தாள். அதற்கு உணவும் அளிக்கவில்லை, தானே இரை தேடி உண்ணும்படி அவிழ்த்துவிடவும் இல்லை. அதன் காரணமாகவே அவள் நரகம் புகுந்தாள் என்னும் செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. அதனை நடத்திய நாவின் ஈரம் காயும் முன்பே எம் கையில் சாக்கு இருந்தது. வெட்கித்துக் கீழே போட்டோம். மறுநாள் காலை, பூனையை ஒரு மூடுகூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம்.

மருத்துவர் பூனையைத் தொடுவதற்கு முன் எம்மையே விசாரித்தார். உண்டபின் எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறது? வயிறு குலுங்கக் குமட்டி எடுக்கிறதா, எளிதாக வந்து விழுகிறதா? செரித்துக் கூழாக வருகிறதா, அப்படியே வருகிறதா? ஒரு தட்டில் எத்தனை பூனைகள்? நாளுக்கு எத்தனை வேளை? கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லும்போது எம் குரல் தாழ்ந்துவிட்டது.

அவர் விளக்கியது இதுதான். பூனையின் இரைப்பை சிறியது. எலி, பல்லி, சிறு பறவை எனச் சிறு இரைகளை ஒரு நாளில் பல முறை உண்ணும்படி அல்லாஹ் அதனைப் படைத்திருக்கிறான். அதன் பற்கள் கிழிப்பதற்கு உரியவை. நம்மைப் போல் அரைத்து மெல்ல அவற்றால் இயலாது. ஒரு நாள் முழுவதும் பட்டினி கிடந்து, ஒரே வேளையில், காற்றையும் சேர்த்து விழுங்கினால் இரைப்பை தாங்காது. உண்டது எதுக்களித்து வெளியே வந்துவிடும். இது பெரும்பாலும் நோய் அன்று. உண்ணும் முறையால் வரும் கேடு. பிறகு அவர் ஒன்று சொன்னார்: “இதைப் பேராசை என்று நினைக்காதீர்கள். இது பயம். பட்டினி கிடந்த பூனை. பக்கத்தில் மூன்று பூனைகள். இப்போது விட்டால் இனிக் கிடைக்காது என்று அது நினைக்கிறது.”

குடற்புழு நீக்க மருந்து கொடுத்தார். உணவு முறையை மாற்றச் சொன்னார். வீட்டில் பூனை வளர்ப்போருக்குப் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறோம். ஒருவேளை உணவை மூன்று, நான்கு சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பூனைக்கும் தனித் தட்டு வைக்க வேண்டும். ஒன்றை ஒன்று பார்க்காதபடி தள்ளி வைத்தால் இன்னும் நல்லது. ஆழமான கிண்ணத்தில் குவிக்காமல் அகன்ற தட்டில் பரப்ப வேண்டும். தட்டின் நடுவே, விழுங்க முடியாத அளவில் கழுவிய பெரிய கூழாங்கல் ஒன்றை வைத்தால், அதைச் சுற்றிச் சுற்றி உண்ண நேரும். வேகம் தானே குறையும்.

இவற்றை வீட்டில் சொன்னபோது எம் துணைவியார் பரணிலிருந்து ஒரு பழைய இட்லித் தட்டை இறக்கினார். “கல் எதற்கு? குழிக்குக் கொஞ்சமாக வையுங்கள். ஒரு குழியை முடித்துத்தானே அடுத்த குழிக்குப் போகும்” என்றார். பெரிய ஊர்களில் இதற்கென்றே மேடு பள்ளங்களோடு தட்டுகள் விற்கிறார்களாம். எம் வீட்டுப் பரணில் அது பத்தாண்டுகளாகக் கிடந்திருக்கிறது. சோற்றைக் குறைத்து, முள் நீக்கிய மீனை மிகுத்து, நான்கு குழிகளிலும் சிறிது சிறிதாக வைத்தோம். முதல் நாள் பூனை குழம்பியது. ஒரு குழியை நக்கிவிட்டு நிமிர்ந்து எம்மைப் பார்த்தது. பிறகு அடுத்த குழிக்குச் சென்றது. அன்று பாயில் ஒன்றும் விழவில்லை.

எவ்வளவு வேகமாக உண்டாலும் எல்லா வாந்தியும் இப்படிப்பட்டது அன்று என்பதையும் மருத்துவர் எச்சரித்தார். பூனை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, அதில் இரத்தம் காணப்பட்டாலோ, சோர்ந்து ஒடுங்கிக் கிடந்தாலோ, எடை குறைந்துகொண்டே வந்தாலோ தாமதிக்கக் கூடாது. ஒரு நாளுக்கு மேல் ஒன்றும் உண்ணாத பூனையையும் உடனே காட்ட வேண்டும். பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரல் கெட்டுவிடும். கடற்கரை ஊர்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மீனோடு சேர்ந்து தூண்டில் நரம்பையும் பூனை விழுங்கிவிடும். வாயிலோ பின்புறத்திலோ நரம்பின் நுனி தெரிந்தால், அதைப் பிடித்து இழுக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். இழுத்தால் குடல் அறுந்துவிடக்கூடும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த ஆணம் பூனைக்கு நஞ்சு. உப்புக் கருவாடும் ஆகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால், ஒன்று கொடுத்தாலே பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

பூனையின் கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் மருத்துவர் சொன்ன ஒரு சொல் எம்மை விடவில்லை. பேராசை அன்று, பயம் என்றாரே, அந்தச் சொல்.

எம் மதரஸாவில் தங்கிப் பயிலும் மாணவர்களுள் ஒருவன் தாமிரபரணிக் கரையிலுள்ள சிற்றூரைச் சேர்ந்தவன். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு சஹன் என்று அமர்த்தி உணவு பரிமாறுவது எம் வழக்கம். ஒரு தட்டில் கூடி உண்பதில் பரக்கத் உண்டு. அதனை நாம் விட்டுவிட விரும்புவதில்லை. அந்தப் பிள்ளை, சஹன் வந்து அமர்ந்த மாத்திரத்தில் அள்ளத் தொடங்குவான். பிறர் பக்கத்துக்கும் அவன் கை போகும். மென்று தின்பதில்லை. மற்றவர்கள் முறையிட்டார்கள். இருமுறை உண்ட உடனே எழுந்து போய் வாந்தியும் எடுத்தான். மூன்றாம் முறை, எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்க, நாம் அவனைக் கடிந்தோம். அவசரம் ஷைத்தானின் குணம் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம், அதபு இல்லாத பிள்ளை என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு அமர்ந்திருந்தான். அன்று இரவு அவன் உண்ணவே இல்லை என்று பின்னர் அறிந்தோம்.

இது நடந்தது பூனையை மருத்துவரிடம் கொண்டு செல்வதற்குப் பத்து நாட்களுக்கு முன்பு. மருத்துவரிடமிருந்து திரும்பிய அன்று மாலை, அஸர் தொழுகைக்குப் பின் அவனைத் தனியே அழைத்துக் கடற்கரைப் பக்கம் நடந்தோம். வெள்ளத்தின்போது எங்கே இருந்தாய் என்று கேட்டோம். அதுவரை நாம் கேட்டிராத கேள்வி அது. மொட்டைமாடியில் மூன்று நாட்கள் இருந்தார்களாம். உம்மா, வாப்பா, லாத்தா, கைக்குழந்தையாகத் தம்பி. இரண்டாம் நாள் ஒரு பொட்டலம் கிடைத்தது. அதனை உம்மா பகிர்ந்தபோது, தம் பங்கு எதையும் உம்மா எடுத்துக்கொள்ளவில்லை என்பதை அவன் உண்டு முடித்த பிறகுதான் பார்த்தானாம். “அதுக்கப்புறம், சோத்தைக் கண்டா சீக்கிரம் தின்னுடணும்னு தோணுது, ஹஜ்ரத்” என்றான்.

எமக்கு விடை சொல்ல இயலவில்லை. பூனையின் விலா எலும்புகளை எண்ணத் தெரிந்த எமக்கு, நாள்தோறும் கிதாபோடு எதிரே அமரும் பிள்ளையின் பசியை எண்ணத் தெரியவில்லை.

அபூஸலமா (ரலி) அவர்களின் மகன் உமர் (ரலி) சிறுவராக இருந்தபோது நடந்தது ஹதீஸில் வருகிறது. தந்தையை இழந்து நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த பிள்ளை அவர். உண்ணும்போது அவருடைய கை தட்டின் எல்லாப் பக்கங்களிலும் அலைந்தது. நபி (ஸல்) அவர்கள் அவரை அதட்டவில்லை. அதபு இல்லாதவன் என்று சொல்லவில்லை. சிறுவரே என விளித்து, அல்லாஹ்வின் பெயர் கூறி, வலக்கையால், அருகில் இருப்பதை உண்ணும்படி சொன்னார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தாம் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று வளர்ந்தபின் அவரே அறிவிக்கிறார். இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அதில் உள்ள மூன்று அதபுகளைப் பிள்ளைகளிடம் கேட்டு மதிப்பெண்ணும் இட்டிருக்கிறோம். கற்பித்தவர்களின் குரல் எப்படி இருந்தது என்னும் நான்காம் பாடத்தை நாம் கற்றிருக்கவில்லை.

மறுநாள் நண்பகல் உணவுக்கு முன், பிள்ளைகள் அனைவரும் அமர்ந்திருக்க, நாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். தனியே கேட்டால் போதாதா என்று நஃப்ஸ் சொல்லத்தான் செய்தது. பலர் முன்னிலையில் கடிந்தவர் பலர் முன்னிலையில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எமக்குத் தோன்றியது. காரணத்தை நாம் சொல்லவில்லை. அவன் வீட்டுத் துயரம் ஊராருக்குக் கதையாகக் கூடாது. அவனோ தலையைக் குனிந்துகொண்டு, “பரவாயில்லை ஹஜ்ரத்” என்றான்.

அன்று முதல் சில மாற்றங்கள் செய்தோம். சஹனை விட்டுவிடவில்லை. ஆனால் ஒரே முறை குவித்து வைப்பதை நிறுத்தி, இருமுறை பரிமாறத் தொடங்கினோம். சோற்றுச் சட்டியைச் சமையலறையில் மறைத்து வைக்காமல், பிள்ளைகள் கண்ணில் படும்படி நடுவே வைத்தோம். இன்னும் இருக்கிறது என்று அவர்கள் கண் கண்டுகொள்ளட்டும் என்பதற்காக. அந்தப் பிள்ளையின் சஹனில், சில வாரங்கள் நாமும் அமர்ந்து உண்டோம். மெல்ல உண் என்று ஒருநாளும் சொல்லவில்லை. நாம் மெல்ல உண்டோம்.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ரமளான் வந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் நம் நிலையை நாமே உற்று நோக்கினோம். பாங்கு ஒலித்ததும் பேரீச்சை, கஞ்சி, வடை, சமோசா, சர்பத் என ஐந்து நிமிடத்தில் அத்தனையும் உள்ளே போய்விடுகின்றன. பிறகு மஃரிபில் குனிய முடிவதில்லை; தராவீஹில் ஏப்பம். சில பேரீச்சம்பழங்களோ, அவையும் இல்லையெனில் சில மிடறு தண்ணீரோ கொண்டு நோன்பைத் திறந்துவிட்டுத் தொழச் செல்வது நபி (ஸல்) அவர்களின் வழக்கம். இரவு உணவு வைக்கப்பட்டிருக்கும்போது தொழுகைக்கு இகாமத் சொல்லப்பட்டாலும், உணவை முடிக்கும்வரை அவசரப்பட வேண்டாம் என்றும் அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று அளவும் வகுத்துத் தந்தார்கள். முத்தும் சங்கும் எடுக்க மூழ்கியோர் வாழ்ந்த கரை இது. வயிறு நிறைய உண்டவனால் மூச்சடக்கிக் கடலடிக்குச் செல்ல முடியாது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மூச்சுக்கு ஓர் இடம் விட வேண்டும் என்பதைக் கரையில் வாழும் நாம்தான் மறந்துவிட்டோம்.

இதில் ஒரு வேறுபாட்டையும் காண வேண்டும். நாளை உணவு உண்டு என்று தெரிந்தும் அள்ளி நிரப்புவது ஒன்று. நாளை இல்லை என்று அஞ்சி விழுங்குவது வேறொன்று. வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். முதலாவதற்கு உபதேசம் மருந்து. இரண்டாவதற்கு உபதேசம் மருந்தாகாது. அடுத்த வேளையும் நேரத்துக்கு வரும் என்னும் நம்பிக்கையே மருந்து. அந்த நம்பிக்கையை வாயால் கொடுக்க முடியாது. வேளை தவறாமல் தட்டை வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டு ரமளான்கள் கடந்துவிட்டன. சாம்பல் பூனை எம்முடன்தான் இருக்கிறது. இப்போது அதன் விலா எலும்புகளை எண்ண முடியாது. இட்லித் தட்டில் நான்காவது குழியில் பாதியை விட்டுவிட்டு, கொல்லைத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. முதன்முறை அது மிச்சம் வைத்துச் சென்ற நாளில், நோய் ஏதும் வந்துவிட்டதோ என்று அஞ்சினோம். பிறகுதான் விளங்கியது. மாலையிலும் உணவு வரும் என்று அது நம்பத் தொடங்கிவிட்டது.

அந்தப் பிள்ளையும் எம்மிடம்தான் ஓதுகிறான். சென்ற மாதம் ஒருநாள், சஹனில் கை வைத்தபடியே, பக்கத்தில் இருந்தவன் சொன்ன எதற்கோ சிரித்தான். சிரித்துக்கொண்டே ஏதோ பதிலும் சொன்னான். உணவு அவன் முன்னே இருந்தது. அவன் அதை மறந்து பேசிக்கொண்டிருந்தான். உண்ணும்போது அதிகம் பேசாதே என்று சொல்ல வாயெடுத்த நாம், சொல்லாமல் விட்டுவிட்டோம்.

நம் வாசலுக்கு வரும் வாயில்லா உயிர்களின் பசியையும், நம் வீட்டுக்குள்ளேயே வாய் திறவாமல் இருக்கும் பிள்ளைகளின் பயத்தையும் அறிந்து நடக்கும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.